விளைவு: கீழே காண்க

அவள் பெயர் பேப்பரில் வர வேண்டும். இந்தக் கதையில் இதைவிடப் பெரிய விஷயம் எதுவும் கிடையாது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று யாராவது கேட்டால், அவர்கள் பதினான்கு வருடம் ஒரு பத்திரிகை ஆபீசில் உட்கார்ந்து தினம் இருபது தலைப்பு போட்டுப் பார்க்கட்டும். அப்புறம் பேசுவோம்.

தீ விபத்தோ திருட்டோ, நிருபர்கள் எழுதிக் கொண்டுவந்து கொட்டுவதைப் படித்து, வெட்டி, நறுக்கி, நாலே சொல்லில் அதற்குத் தலைப்பு வைப்பது அவள் வேலை. ஆபீசில் எல்லோரும் அவளை ‘நாலுசொல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். செய்தியோடு நிருபர் பெயர் வரும். படத்தோடு படம் எடுத்தவர் பெயர் வரும். குறுக்கெழுத்துப் போட்டியில் ஜெயித்தவர் பெயர்கூடத் தெருப் பெயரோடு வரும். தலைப்பு போட்டவள் பெயர் மட்டும் வராது. டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பெயர் போடுவதில்லை என்பது அந்தப் பத்திரிகையின் எழுபத்தைந்து வருட வழக்கம். யார் கொண்டுவந்த வழக்கம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அவரும் டெஸ்க்கில் இருந்திருப்பார் போலிருக்கிறது.

ஆபீசில் அவள் இதைப் பொறுத்துக்கொண்டாள். வீட்டில் அம்மா பொறுக்கவில்லை. காலையில் பேப்பர் வந்து விழுந்ததும் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்திலிருந்து தேட ஆரம்பிப்பாள். விளையாட்டு, வரி விளம்பரம், ஏல அறிவிப்பு, காணவில்லை அறிவிப்பு எதையும் விட மாட்டாள்.

“இன்னைக்கும் உன் பேரு இல்லைடி.”

“காணவில்லையில எல்லாம் எதுக்கும்மா தேடுற? நான்தான் இங்க நிக்கிறேனே!”

“பதினாலு வருஷமா வேலை பாக்குறேங்கற. உங்க பெரியம்மா என்கிட்டயே கேட்டுட்டா, ‘உன் பொண்ணு பேப்பர்ல எழுதுறாளா, இல்ல பேப்பர் போடுறாளா’ன்னு. நான் எங்க கொண்டுபோய் முகத்தை வெச்சுக்கறது?”

அப்பா குறுக்கே பேச மாட்டார். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். நெரிசலில் எப்போது ஹார்ன் அடிக்கக் கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இப்படியிருக்க, ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஆசிரியர் தன் அறைக்கு வெளியே தலையை நீட்டினார்.

“நாலுசொல், இங்க வாம்மா. எழுபத்தஞ்சாவது வருஷ மலர் நாளைக்கு வருது. எட்டாம் பக்கம் அம்போன்னு காலியா கிடக்கு. நம்ம பழைய தலைப்பா பத்து எடு. அதைப் படிச்ச ஜனங்க என்ன பண்ணியிருப்பாங்க, அப்புறம் என்ன ஆகியிருக்கும்னு கற்பனை பண்ணி எழுது. படிக்கிறவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கணும். அஞ்சு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகணும்.”

அவளுக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. ஒரு முழுப் பக்கம்! முழுக்க முழுக்க அவள் எழுத்து!

“பேரு போடுவீங்களா சார்?”

“பேரா? டெஸ்க்குக்கு ஏதும்மா பேரு?” என்றார் அவர், அவள் ஏதோ அவருடைய நாற்காலியைக் கேட்டுவிட்ட மாதிரி. “எழுபத்தஞ்சு வருஷமா இல்லாததை மலர் அன்னைக்கா ஆரம்பிக்கறது? போ, போ, மணி ஓடுது.”

வருத்தப்பட நேரமில்லை. மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி அவள் பழைய பேப்பர் அறைக்கு ஓடினாள். ஒவ்வொரு மாதப் பேப்பரும் ஒரு பெரிய தொகுப்பாகக் கட்டப்பட்டு, தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருக்கும் அறை அது. அதைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு முப்பது வயது. தூசி ஆகாது. ஒரு தொகுப்பைத் திறந்தால் ஒன்பது தும்மல் என்பது அவன் கணக்கு. இப்படிப்பட்டவனுக்கு இந்த வேலையைக் கொடுத்த புண்ணியவான் யாரோ. அவனை எல்லோரும் ‘தும்மல் தம்பி’ என்பார்கள்.

“தம்பி, பழசு எல்லாத்தையும் இறக்கு!”

“எல்லாத்தையுமா? அக்கா, நான் செத்தேன்,” என்று சொல்லி, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அவன் ஏணியில் ஏறினான்.

அடேயப்பா, எப்பேர்ப்பட்ட தலைப்புகள்! அவள் பக்கத்தைப் புரட்டப் புரட்ட, தான் ஏதோ பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்த நினைப்பு கரைந்தது. முன்னோர்கள் விளையாடியிருந்தார்கள். அவள் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

தலைப்பு: மிருகக்காட்சிச் சாலைக் குரங்கு ஓட்டம், அதிகாரிகள் துரத்தல். மறுநாள் தலைப்பு: குரங்கு திரும்பியது, அதிகாரிகள் திரும்பவில்லை. விளைவு: மூன்று நாள் குரங்கே அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டது. கோப்புகள் எல்லாம் அதற்குள் தீர்ந்தன. அதிகாரிகள் திரும்பி வந்தபோது, பழைய நிர்வாகமே இருக்கட்டும் என்று ஊழியர்கள் மனுக் கொடுத்தார்கள்.

தலைப்பு: பொய் சொல்வோர் குறைந்துவிட்டனர், மக்களே கணக்கெடுப்பில் தெரிவித்தனர். விளைவு: கணக்கெடுத்தவர் வீட்டுக்குப் போய், “இன்னைக்கு ரொம்ப நல்ல மனுஷங்களா பாத்தேன்” என்றார். மனைவி, “இவ்வளவு நேரம் அங்கதான் இருந்தீங்களா?” என்று கேட்டாள். அவரும் ஆமாம் என்றார். எண்ணிக்கை மறுபடி ஒன்று கூடியது.

தலைப்பு: தினம் ஒரு மணி நேரம் சும்மா இருப்பது உடலுக்கு நல்லது; டாக்டர் அறிவுரை. விளைவு: இந்தச் செய்தியைக் கத்தரித்துச் சுவரில் மாட்டிய ஒரு மாப்பிள்ளை, மாமனார் வீட்டில் இருபத்தேழு வருடமாக உடம்பைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு மணி நேரம் என்ற சொற்களின் மேல்தான் அவர் ஆணி அடித்திருக்கிறார்.

தலைப்பு: மணிக்கூண்டுக் கடிகாரம் நின்றது, மக்கள் பொறுமை காக்க வேண்டுகோள். விளைவு: மக்கள் பொறுமை காத்தார்கள். அன்று ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். இன்னும் மணி அடிக்கவில்லை.

அவள் வாசித்துக் காட்ட, தும்மல் தம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பும் தும்மலும் சேர்ந்து வந்து மூச்சு முட்டிப்போய், “அக்கா, போதும்க்கா, உனக்குக் கோடிப் புண்ணியம்,” என்று கெஞ்சினான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மணி இரண்டு. சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

ஒன்பது முடிந்து பத்தாவதுக்குத் தேடும்போதுதான் அந்த முதல் பக்கம் வந்தது. நாற்பத்தொரு வருடத்துக்கு முந்தைய பேப்பர். பக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கரேலென்று தலைப்பு:

பஸ் வேலைநிறுத்தம் முடிந்தது!

அவளுக்கு இந்த வேலைநிறுத்தம் தெரியும். நன்றாகவே தெரியும். பதினோரு நாள் பஸ் ஓடவில்லை, பன்னிரண்டாம் நாள் ஓடியது, அன்றைக்குத்தான் அம்மா அப்பாவை முதல்முதலாகப் பார்த்தாள். வீட்டில் ஆயிரம் தடவை கேட்ட கதை. ஆசையாகக் கீழே இருந்த செய்தியைப் படித்தாள். படித்துவிட்டு மறுபடி தலைப்பைப் பார்த்தாள். மறுபடி செய்தியைப் படித்தாள்.

“தம்பி, இங்க வா. இதைப் படி. சத்தமா படி.”

அவன் படித்தான். “‘பேச்சுவார்த்தையில் நள்ளிரவுவரை எந்த முடிவும் எட்டப்படவில்லை. வேலைநிறுத்தம் இன்றும் நீடிக்கும் என்று தொழிற்சங்கத் தலைவர்கள் அறிவித்தனர்.’ என்னக்கா இது? மேல முடிஞ்சதுன்னு போட்டிருக்கு, கீழ முடியலேன்னு போட்டிருக்கு!”

“பிழைப் புத்தகத்தை எடு. அந்த வருஷத்தோடது. ஓடு!”

பிழைப் புத்தகம் என்பது அந்தப் பத்திரிகையில் ஒரு நீளப் பதிவேடு. பேப்பரில் தப்பு வந்தால், தப்பு செய்தவர் மறுநாள் தன் கையாலேயே அதில் எழுத வேண்டும். தேதி, பிழை, காரணம், விளைவு என்று நாலு கட்டம் போட்டிருக்கும். கடைசியில் பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டெஸ்க்கில் இருப்பவர்களின் பெயர் அந்த ஆபீசில் பதிவாகும் ஒரே இடம் அதுதான். நாலுசொல்லின் பெயரும் அதில் மூன்று தடவை இருக்கிறது. அதை அம்மாவிடம் காட்ட முடியுமா?

தும்மல் தம்பி பதினெட்டுத் தும்மலோடு புத்தகத்தைக் கொண்டுவந்தான். அந்தத் தேதிக்கு எதிரே, அழகான சாய்ந்த கையெழுத்தில், அந்தக் கால அச்சுக்கூட ஃபோர்மேன் எழுதியிருந்தார். அப்போதெல்லாம் ஈய எழுத்துகளைக் கையால் கோத்துத்தான் அச்சடிப்பார்கள். கடைசி நேரத்தில் கோத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், ‘முடிந்தது’ என்று ஒன்றும் ‘நீடிக்கிறது’ என்று ஒன்றும் இரண்டு தலைப்பை முன்கூட்டியே கோத்து, நூல் கட்டித் தயாராக வைத்திருந்தார்கள்.

பிழை: ‘நீடிக்கிறது’ போட வேண்டிய இடத்தில் ‘முடிந்தது’ போட்டுவிட்டேன்.

காரணம்: இரண்டும் ஒரே மேஜையில் இருந்தன. பதினோரு நாளாக வீட்டிலிருந்து நடந்து வருகிறேன். கால் வலி. ஆசைப்பட்டுக் கை தவறிவிட்டது.

விளைவு: வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது. ஆகவே இதைப் பிழை இல்லை என்று கொள்ளலாமா?

அதற்குக் கீழே சிவப்பு மையில் அந்தக் கால ஆசிரியர் எழுதியிருந்தார்: கொள்ளலாம். ஆனால் மறுபடி வேண்டாம்.

நாலுசொல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, “ஐயோ, ஐயோ, ஐயோ!” என்று மூன்று தடவை சொன்னாள். காலையிலிருந்து அவள் கற்பனையில் தேடிக்கொண்டிருந்ததை, மனிதர் நிஜமாகவே எழுதி வைத்திருந்தார்! மறுநாள் பேப்பரில் மீதிக் கதையும் இருந்தது. விடிந்ததும் டிரைவர்கள் தலைப்பைப் படித்தார்கள். கீழே யார் படிக்கிறார்கள்? தலைவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து டிப்போவுக்குக் கிளம்பினார்கள். டிப்போ அதிகாரியும் தலைப்பைப் படித்துவிட்டுக் கேட்டைத் திறந்துவைத்தார். பேச்சுவார்த்தை அறையில் தூங்காமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், பஸ் போகிறது! சங்கத்தார் அதிகாரிகள் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்தார்கள், அதிகாரிகள் சங்கத்தார் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். பத்து நாற்பதுக்கு இரு தரப்பாரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்தப் பத்திரிகை வெட்கமே இல்லாமல், ‘முதலில் சொன்னது நாமே’ என்று தலைப்பு போட்டிருந்தது.

உடனே வீட்டுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, அப்பாவைப் பாத்த அன்னைக்கு என்ன நடந்துச்சு? முழுசா சொல்லு. சீக்கிரம்!”

“இப்ப என்னடி அதுக்கு? அடுப்புல வேலை கிடக்கு. பதினோரு நாளா ஆபீசுக்கு நடந்தே போயிட்டிருந்தேன், செருப்பு தேஞ்சு போச்சு. அன்னைக்கும் நடந்துதான் போறேன். பின்னாடி ஒரு பஸ்ஸு. காலி பஸ்ஸு, கண்டக்டர்கூட இல்ல. உங்கப்பா ஜன்னல்ல தலையை நீட்டி, ‘ஏறுங்க, ஸ்டிரைக் முடிஞ்சிருச்சு’ன்னாரு. ‘யாரு சொன்னா?’ன்னேன். பேப்பரை எடுத்துக் காட்டினாரு.”

“எந்தப் பேப்பர்?”

“உன் பேப்பர்தான். டிக்கெட் இல்லாம ஏற மாட்டேன்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். மனுஷன் என்ன பண்ணாரு, அந்தப் பேப்பர்லயே ஒரு மூலையைக் கிழிச்சு, ‘இந்தாங்க டிக்கெட்’னு குடுத்தாரு. இன்னும் டப்பாவுல இருக்கு.”

“அப்பாகிட்ட குடு. அப்பா, அன்னைக்கு ஸ்டிரைக் முடியவே இல்லப்பா! பேப்பர்ல தப்பா போட்டுட்டாங்க!”

அப்பா மெதுவாகச் சொன்னார், “அப்பவே நினைச்சேன். டிப்போவுல நான் மொத ஆளா வண்டியை எடுக்கறப்போ, கண்டக்டர் ஒருத்தர்கூட வரல. அவங்கல்லாம் முழுசா படிக்கிறவங்க.”

அம்மா போனைப் பிடுங்கியது கேட்டது. “அப்ப அந்தப் பேப்பர்காரன் ஒழுங்கா வேலை பாத்திருந்தா, நான் இன்னைக்கு நிம்மதியா இருந்திருப்பேனா?”

“நான் இருந்திருக்க மாட்டேனேம்மா!” என்று கத்தினாள் நாலுசொல்.

கத்திய பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. பத்து விளைவு கற்பனை செய்யச் சொன்னார்கள். ஒரு விளைவு போனைக் காதில் வைத்துக்கொண்டு இங்கே தரையில் உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மணி நாலேகால். இரண்டிரண்டு படியாகக் கீழே ஓடினாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆசிரியர் எட்டாம் பக்கத்தைக் கையில் எடுத்தார். குரங்குக்குச் சிரித்தார். கடிகாரத்துக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மாப்பிள்ளைக்கு மட்டும் சிரிக்கவில்லை. அவரும் மாமனார் வீட்டில்தான் இருக்கிறார். கடைசியாகப் பத்தாவதுக்கு வந்தார். வேலைநிறுத்தத் தலைப்பு, ஃபோர்மேன் எழுதிய நாலு வரி, காலி பஸ், பேப்பர் டிக்கெட், எல்லாம் சுருக்கமாக இருந்தது. அதன் முடிவில்:

விளைவு: கீழே காண்க.

கீழே அவள் பெயர் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

ஆசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்தார். “பிரமாதம்மா. ஆனா பேரை எடுத்துடு. வழக்கம் வழக்கம்தான்.”

“எடுக்கலாம் சார்,” என்றாள் நாலுசொல், பூனை மாதிரி. “பேரை எடுத்தா, அதுக்குக் கீழ கொசுவலை விளம்பரம் இருக்கு. விளைவு: கீழே காண்கன்னு போட்டு கொசுவலை வந்தா, எங்கப்பா அம்மா என்ன நினைப்பாங்க?”

ஆசிரியர் பார்த்தார். கொசுவலைதான். இரட்டைக் கட்டில் அளவு.

“சரி, ‘இப்பத்திரிகையின் துணை ஆசிரியர் ஒருவர்’னு போடு.”

“எந்த ஒருவர் சார்? எங்க வீட்டுல எனக்கு ‘ஒருவர்’னா பேரு வெச்சாங்க?”

“அப்ப இந்தப் பத்தாவதையே தூக்கிடு!”

“தூக்கிடலாம். பக்கத்துல அஞ்சு அங்குலம் காலியாகும். அஞ்சு மணிக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. நீங்க ஒண்ணு எழுதித் தர்றீங்களா?”

அறைக்கு வெளியே டெஸ்க் மொத்தமும் வேலை செய்வதாகப் பாவனை செய்துகொண்டு மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. பின்னால் எங்கோ ஒரு தும்மல் கேட்டது. ஆசிரியர் பேனாவை மூடி, திறந்து, மூடினார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

“பொல்லாதவ நீ. எழுபத்தஞ்சு வருஷ வழக்கத்தைக் கொசுவலையைக் காட்டி முடிச்சுட்டியே. அனுப்பு!”

மறுநாள் காலை அவள் பேப்பரை எடுத்துக்கொண்டு போய் அம்மா மடியில் போடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அம்மா வழக்கம்போலக் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். வரி விளம்பரம். ஏல அறிவிப்பு. காணவில்லை. நாலுசொல்லுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வழியாக எட்டாம் பக்கம் வந்தது. அம்மா முதலிலிருந்து ஒரு வரி விடாமல் படித்தாள். பேப்பர் டிக்கெட் வந்த இடத்தில் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விரலை வைத்துக்கொண்டே கீழே வந்து, பெயரின் மேல் விரலை நிறுத்தினாள். கண்ணாடி பனித்துவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

“இனிஷியல் எங்கடி?”

“என்னது?”

“உங்கப்பா இனிஷியல்! வெறும் பேரை மட்டும் போட்டிருக்கு. அன்னைக்கு அந்த மனுஷன்தானே மொத ஆளா பஸ்ஸை எடுத்தாரு? அவரை விட்டுட்டு நீ மட்டும் எங்கிருந்துடி வந்தே?”

நாலுசொல் பாய்ந்து வந்து பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தாள். இல்லை. அவசரத்தில் அவளே டைப் அடித்தது. அப்பாவும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிறவர் மாதிரி. அடுத்த நிமிடமே அவள் முகம் மலர்ந்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஆபீசுக்கு ஓடினாள்.

ஆசிரியர் வருவதற்கு முன்பே அவர் மேஜையில் இருந்த பிழைப் புத்தகத்தைத் திறந்தாள். எழுபத்தைந்து வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக யாரும் அதில் எழுதியிருக்க மாட்டார்கள்.

பிழை: எட்டாம் பக்கத்தில் எழுதியவரின் இனிஷியல் விடுபட்டுவிட்டது.

காரணம்: ஆசைப்பட்டுக் கை தவறிவிட்டது.

விளைவு: நாளைய பேப்பரில் திருத்தம் வெளியிட வேண்டும். அதில் பெயரை மறுபடி போட வேண்டும், அப்பாவோடு.